வார்ட்டில் மீள்சுழற்சி: காட்போட் பெட்டியிலிருந்து சேலைன் போத்தல் வரை

மட்டக்களப்பு, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி என்று வாவிக்கரையை அண்டிய ஊர்களில் ஏதோ ஒரு வைத்தியசாலை வார்ட்டில் நீங்கள் வேலை செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் தாதிய உத்தியோகத்தராக இருக்கலாம், சுகாதார உதவியாளராக இருக்கலாம், வைத்தியராகவும் இருக்கலாம். தினமும் கறுப்புப் பைக்குள் போகும் காட்போட்டையும் போத்தலையும் பார்த்து, இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இந்த அத்தியாயம். இதில் உள்ளது ஒரேயொரு வார்ட்டுக்கான திட்டம். முழு வைத்தியசாலைக்கும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஒரு வார்ட்டில் ஆறு மாதம் நின்று பிடித்தால் அடுத்த வார்ட்டு தானாகவே கேட்டு வரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வைத்தியசாலைக் கழிவில் ஏறத்தாழ 85 வீதம் வீட்டுக் குப்பையைப் போன்ற சாதாரணக் கழிவு. தொற்று, இரசாயனம், கதிரியக்கம் என்று ஆபத்து உள்ளது மீதி 15 வீதம்தான். அதற்காக அந்த 85 வீதத்தையும் விற்றுவிடலாம் என்று நினைக்கக் கூடாது. சோற்றுப் பார்சல், பழத்தோல், ஈரமான கடதாசி எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. வார்ட்டிலிருந்து சுத்தமாகப் பிரித்தெடுக்கக் கூடிய பொருட்கள் நாலைந்துதான். அந்த நாலைந்தையும் ஒழுங்காகச் செய்தாலே போதும்.

முதலில் பாதுகாப்பு

நீங்கள் கட்டி அனுப்பும் சாக்கை கடைசியில் அவிழ்ப்பவர் கையுறை போட்டிருக்க மாட்டார். பழைய போத்தல், பேப்பர் சேர்க்கும் கடையின் பின்பக்கத்தில் வெறும் கையோடு உட்கார்ந்து தரம் பிரிப்பவர் அவர். வார்ட்டில் உள்ள எல்லாருக்கும் ஊசி என்றால் என்னவென்று தெரியும், பெரும்பாலானோர் தடுப்பூசியும் போட்டிருப்பார்கள். அவருக்கு இரண்டும் இல்லை. கீழே சொல்லப்போகும் கட்டுப்பாடுகள் எல்லாம் அவரை நினைத்து எழுதியவை.

இது கற்பனைப் பயம் இல்லை. 2009 இல் இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் மொடாசா என்ற ஊரில் இருநூறுக்கும் மேற்பட்டோருக்கு ஹெப்படைட்டிஸ் பி தொற்றியது. பாவித்த சிறிஞ்சுகளை மறுபடியும் பாவித்ததுதான் காரணம். அவை கட்டுப்பாடில்லாத மருத்துவக் கழிவு வியாபாரத்தின் வழியாக வந்தவை என்று பின்னர் தெரிந்தது. நம் நாட்டில் நடந்தது இன்னொன்று. பாவித்த மெத்தை, கம்பளம், மீள்சுழற்சிக்கான பொருள் என்று சொல்லி ஐக்கிய இராச்சியத்திலிருந்து 2017 முதல் கொழும்புக்கு வந்த 263 கொள்கலன்களில் மருத்துவக் கழிவும் கலந்திருந்தது. 2019 இல் விஷயம் வெளியே வந்தது. கடைசிக் கொள்கலன்களைத் திருப்பி அனுப்பி முடிக்க 2022 ஆகிவிட்டது. சாக்கின் வெளியே என்ன எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பதுதான் கணக்கு.

மூன்று கட்டுப்பாடுகள். இவற்றில் விட்டுக்கொடுப்பு கிடையாது.

1. நோயாளியின் உடலையோ, இரத்தத்தையோ, சளி, சிறுநீர், சீழ் போன்றவற்றையோ தொட்ட எந்தப் பொருளும் மீள்சுழற்சித் தொட்டிக்குள் வராது. கழுவினாலும் வராது.
2. ஒரு தொட்டிக்குள் விழுந்ததைக் கையை விட்டு எடுக்கக் கூடாது. தவறாக விழுந்தது கடதாசிதானே என்று நினைத்தாலும் கூடாது. மஞ்சள் பையை எக்காரணம் கொண்டும் அவிழ்க்கக் கூடாது.
3. தொற்றுப் பொருளா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அது மஞ்சளுக்கே போகட்டும்.

சுகாதார அமைச்சின் நிற முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். மஞ்சள் தொற்றுக் கழிவுக்கு, சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் கூரான பொருட்களுக்கு, கறுப்பு பொதுக் கழிவுக்கு, பச்சை உக்கும் கழிவுக்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு, சிவப்பு கண்ணாடிக்கு. புதிதாக ஒரு நிறத்தை நீங்களாகக் கண்டுபிடிக்காதீர்கள். வார்ட்டு விட்டு வார்ட்டு மாறி வேலைக்கு வருபவர் குழம்பிப் போவார். அந்தக் குழப்பத்தில்தான் ஊசி நீலத் தொட்டிக்குள் விழுகிறது.

படி 1: வாங்குபவரைத் தேடுங்கள்

தொட்டி வாங்குவதற்கு முன்பே இது நடக்க வேண்டும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நாலு நிறத்தில் தொட்டி வாங்கி, நாடா வெட்டி, படம் எடுத்து, மூன்றாம் கிழமையில் பிரித்த பொருளை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே ட்ரக்டரில் கொட்டிவிடுகிறார்கள். அதை ஒரு தடவை கண்ணால் பார்த்த ஊழியர் பிறகு ஒருபோதும் பிரித்துப் போட மாட்டார்.

மத்திய சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்திலும், உங்கள் மாநகர சபை அல்லது பிரதேச சபையின் திண்மக் கழிவுப் பிரிவிலும் பொருள் சேகரிப்பவர்கள் யார் யார் என்று கேளுங்கள். பிறகு அவர்களிடம் நேரே போய் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்:

– எந்தப் பொருளை எடுப்பார்கள்? வைத்தியசாலையிலிருந்து வருகிறது என்று தெரிந்தும் எடுப்பார்களா? இதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.
– குறைந்தது எத்தனை கிலோ சேர்ந்தால் வாகனம் அனுப்புவார்கள்?
– அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? பொருள் அவரிடமிருந்து எங்கே போகிறது?
– எடை போட்டுப் பற்றுச்சீட்டு தருவாரா?

கடைசிக் கேள்விக்கு ஆம் என்று சொல்லாதவரை விட்டுவிடுங்கள். அனுமதிப்பத்திரத்தைக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. 2008 பெப்ரவரி 1 ஆம் திகதி வெளியான 1534/18 இலக்க அதிவிசேட வர்த்தமானியின்படி சுகாதாரப் பராமரிப்புக் கழிவு பட்டியலிடப்பட்ட கழிவுக்குள் அடங்கும். அதைக் கையாள்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். உங்கள் சாக்குக்குள் சுத்தமான காட்போட்டும் கடதாசியும் மட்டும் இருக்கும்வரை நீங்கள் அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறீர்கள். ஒரு மஞ்சள் பைப் பொருள் கலந்தால் அதற்குள் வந்துவிடுகிறீர்கள்.

படி 2: அனுமதியும் பணமும்

வார்ட்டுப் பொறுப்புச் சிஸ்டர், தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி, மேட்ரன், பணிப்பாளர் என்ற ஒழுங்கில் போங்கள். தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியைத் தாண்டி மேலே போக வேண்டாம். அவர் சம்மதிக்காத திட்டம் நடக்காது, நடக்கவும் கூடாது. ஒரு பக்கக் கடிதம் போதும். எந்த வார்ட்டு, எந்தப் பொருள், எங்கே சேமிப்பது, யார் வாங்குவது, ஊசி விழுந்தால் என்ன செய்வது என்று ஐந்து பந்தி எழுதுங்கள்.

பணத்தைப் பற்றியும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். அரசாங்க வைத்தியசாலைக்கு வரும் மருந்துப் பெட்டி அரசாங்கச் சொத்து. அதை விற்று வரும் காசை வார்ட்டு உண்டியலில் போட்டுத் தேநீருக்குச் செலவழிக்க முடியாது. கணக்காளரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். காசு வேண்டாம், பொருளை எடுத்துப் போனால் போதும் என்று வைத்துக்கொண்டால் வேலை இலேசாகும். ஆனால் அதற்கும் எழுத்து வேண்டும். தொகை சிறியதாக இருக்கும், ஆனால் அதைச் சுற்றி எழும் பேச்சு ஒரு நல்ல குழுவை உடைத்துவிடும்.

படி 3: குழு

நாலு பேர் போதும். அதில் இருவர் சுகாதார உதவியாளர்களாக இருக்க வேண்டும். பையைக் கட்டுவதும், தூக்குவதும், தொட்டி கழுவுவதும் அவர்கள். அவர்களைக் கேட்காமல் தாதியரும் வைத்தியரும் கூடி முடிவெடுத்தால் திட்டம் அவர்களுக்கு மேலதிகச் சுமையாக மட்டுமே வந்து சேரும். முதல் கூட்டத்திலேயே அவர்களிடம் கேளுங்கள்: "அக்கா, இப்ப ஒரு நாளைக்கு எத்தனை தரம் பை மாத்திறீங்க? எது உங்களுக்குப் பெரிய கரைச்சல்?" அவர்கள் சொல்லும் பதிலை வைத்தே தொட்டி எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானியுங்கள்.

மற்ற இருவரில் ஒருவர் தாதிய உத்தியோகத்தர். இன்னொருவர் வார்ட்டு மருந்துப் பொருட்களைப் பொறுப்பெடுப்பவராக இருந்தால் நல்லது. காலை 7 மணி, மதியம் 1 மணி, இரவு 7 மணி என்று வேலைமுறை மாறும்போது ஒரே ஆள் எல்லா நேரத்திலும் நிற்க முடியாது. ஒவ்வொரு முறையிலும் ஒருவர் பெயர் பலகையில் இருக்கட்டும்.

குழுவில் உள்ள எல்லாரும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி முழுவதுமாகப் போட்டிருக்கிறார்களா என்று இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். போடாதவர் போட்டு முடிக்கும்வரை சாக்குகளைத் தொட வேண்டாம்.

படி 4: ஒரு கிழமைக் கணக்கு

தொடங்குவதற்கு முன் ஏழு நாள் எடை போடுங்கள். ஒரு தொங்கு தராசும் ஒரு கொப்பியும் போதும்.

1. ஒவ்வொரு பையையும் கட்டிய பிறகு, வெளியே போகும் முன், மூடியபடியே நிறுங்கள். நிறம், நேரம், கிலோ மூன்றையும் எழுதுங்கள்.
2. காட்போட் பெட்டிகளை மட்டும் இந்த ஏழு நாளும் தனியாக ஒரு மூலையில் வையுங்கள். கடைசியில் ஒன்றாக நிறுங்கள்.
3. சேலைன் போத்தல்களை நிறுக்க வேண்டாம். வெறும் போத்தல் ஒன்றை மருந்தகத் தராசில் ஒரு முறை நிறுத்து, வார்ட்டில் ஒரு நாளைக்கு முடியும் எண்ணிக்கையால் பெருக்குங்கள்.
4. கறுப்புப் பையின் மேலே என்ன தெரிகிறது என்று பார்த்து எழுதலாம். உள்ளே கிண்டக் கூடாது.

இந்த வேலையில் இன்னொரு பயனும் உண்டு. கையுறை உறையும், பத்திரிகைத் தாளும், தேநீர்க் கோப்பையும் மஞ்சள் பைக்குள் போய்க்கொண்டிருந்தால் மஞ்சளின் கிலோ அதைக் காட்டிக் கொடுக்கும். மஞ்சள் பைதான் வைத்தியசாலைக்குச் செலவு வைக்கும் பை. எரிப்பதற்கோ வேறு முறையில் அழிப்பதற்கோ கிலோவுக்குக் கிலோ காசும் எரிபொருளும் போகின்றன. மூன்று மாதம் கழித்து மஞ்சள் குறைந்திருப்பதை எண்ணில் காட்ட முடிந்தால் பணிப்பாளர் உங்கள் பக்கம் நிற்பார். விற்ற காட்போட்டின் விலையைச் சொல்லி அவரைச் சம்மதிக்க வைக்க முடியாது.

படி 5: காட்போட், வேறெதுவும் வேண்டாம்

முதல் இரண்டு மாதம் ஒரே பொருள். மருந்துக் களஞ்சியத்திலிருந்து வரும் பெட்டி நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை. அதனால்தான் அதைத் தெரிவு செய்கிறோம்.

1. பொருள் வந்திறங்கும் இடத்திலேயே பெட்டியை வெறுமையாக்குங்கள். சிகிச்சை அறைக்குள் கொண்டுபோக வேண்டாம்.
2. நாலு மூலையிலும் கையால் தடவாமல், கண்ணால் பார்த்துக் கிளிப்பைக் கழற்றுங்கள். ஒட்டு நாடாவை உரித்தெடுத்துக் கறுப்பில் போடுங்கள்.
3. அடிப்பக்கத்தை அழுத்தித் திறந்து தட்டையாக்குங்கள். பெட்டியைப் பெட்டியாகவே அடுக்கினால் களஞ்சிய அறை இரண்டு நாளில் நிரம்பிவிடும். நிரம்பிய அறையில் எலி வரும்.
4. இடுப்பளவுக்கு மேல் போகாதபடி அடுக்கி, நைலோன் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டுங்கள். ஒரு ஆள் தூக்கக் கூடிய பாரத்தைத் தாண்டக் கூடாது.
5. நிலத்தில் வைக்காதீர்கள். இரண்டு பழைய மரச் சட்டங்களுக்கு மேல் வையுங்கள். கறையானும் ஈரமும் ஒரு கட்டை ஒரே கிழமையில் முடித்துவிடும், நனைந்த காட்போட்டை யாரும் வாங்க மாட்டார்கள்.

மூன்றாம் மாதத்தில் சின்ன மருந்துப் பெட்டிகளையும் உள்ளே இருக்கும் துண்டுப் பிரசுரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

> குறிப்பு: சிறிஞ்சு உறையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கடதாசி, மறுபக்கம் மெல்லிய பிளாஸ்டிக், நடுவில் பசை. இப்படி இரண்டு பொருள் ஒட்டிய உறையைக் கடதாசிக்காரரும் எடுக்க மாட்டார், பிளாஸ்டிக்காரரும் எடுக்க மாட்டார். மாத்திரை அட்டையும் அப்படியே: ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் பிளாஸ்டிக். இவை கறுப்புப் பைக்கே போகட்டும்.

எழுதிய கடதாசி பற்றித் தனியாக ஒரு சொல்

நோயாளியின் பெயர் உள்ள எந்தத் தாளும் நீலத் தொட்டிக்குள் வரக் கூடாது. பி.எச்.டி. எனப்படும் படுக்கைச் சீட்டின் நகல், இரத்தப் பரிசோதனைப் பதிவு, வார்ட்டுச் சுற்றின்போது குறிப்பெழுதிய துண்டு எல்லாம் இதில் அடங்கும். பழைய கடதாசி நம் ஊரில் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியும். கச்சான் கடலை வாங்கும் சுருளில் எத்தனை தடவை யாரோ ஒரு பிள்ளையின் பரீட்சை விடைத்தாளை வாசித்திருப்போம். அந்த இடத்தில் ஒரு பெண்ணின் பரிசோதனை முடிவு இருந்தால், அவள் பக்கத்து ஒழுங்கையில் இருப்பவளாகவும் இருந்தால், அந்தக் கேட்டை எந்த மீள்சுழற்சியாலும் ஈடுசெய்ய முடியாது. பெயருள்ள தாள் எல்லாம் பதிவேட்டு அறையின் நடைமுறைப்படி போகட்டும். நீலத் தொட்டிக்கு வெற்றுத் தாளும் அச்சிட்ட பெட்டியும் மட்டும்.

படி 6: தொட்டியும் அறிவித்தலும்

தொட்டியை வராந்தாவில் வைக்காதீர்கள். பார்வையாளர் நேரத்தில் சோற்றுப் பார்சலும் இளநீர்க் குடுவையும் அதற்குள் வந்துவிடும். பார்வையாளருக்கு வாசலருகே ஒரு பச்சையும் ஒரு கறுப்பும் போதும், அவர்களை உங்கள் திட்டத்துக்குள் இழுக்க வேண்டாம். கடதாசித் தொட்டி மருந்து ஆயத்தம் செய்யும் மேசையின் பக்கத்தில் இருக்கட்டும். அதற்கு ஒரு கை நீட்டும் தூரத்தில் கறுப்பும், கூரான பொருட்களின் பெட்டியும் கட்டாயம் இருக்க வேண்டும். அவசரத்தில் இருக்கும் தாதி மூன்று அடி நடக்க மாட்டார். எது கைக்கு எட்டுகிறதோ அதற்குள்தான் போடுவார்.

மூடியில் கை நுழையாத அளவுக்கு ஒரு பிளவு வெட்டுங்கள். தட்டையான அட்டை உள்ளே போகும், சிறிஞ்சும் கிட்னி தட்டும் போகாது.

அறிவித்தலை எழுத்தால் நிரப்பாதீர்கள். உண்மையான வெறும் மருந்துப் பெட்டி ஒன்றையும், கையுறைப் பெட்டி ஒன்றையும் தட்டையாக்கி அட்டையில் ஒட்டி, தொட்டிக்கு மேலே கண் மட்டத்தில் மாட்டுங்கள். கீழே தமிழிலும் சிங்களத்திலும் "இவை மட்டும்" என்று எழுதுங்கள். என்ன போடக் கூடாது என்று நீண்ட பட்டியல் போட்டால் யாரும் வாசிப்பதில்லை.

படி 7: தொடங்கும் கிழமை

மாதத்தின் நடுவில், லீவு குறைந்த ஒரு கிழமையில் தொடங்குங்கள். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் நாட்களுக்கு முந்திய கிழமை வேண்டாம். பயிற்சி வைத்தியர்கள் புதிதாக வரும் கிழமையும் வேண்டாம்.

வேலைமுறை மாறும் நேரத்தில் இரண்டு நிமிடம் போதும். தொட்டியைக் காட்டி, சரியான பொருள் ஒன்றையும் பிழையான பொருள் ஒன்றையும் கையில் பிடித்துக் காட்டுங்கள். காலை, மதியம், இரவு மூன்று முறைக்கும் காட்ட வேண்டும். இரவு முறையை விட்டுவிடுவது எல்லாரும் செய்யும் பிழை. தாதிய மாணவர்களும் மருத்துவ மாணவர்களும் வரும் வார்ட்டாக இருந்தால் ஒவ்வொரு புதிய அணிக்கும் அதே இரண்டு நிமிடம்.

முதல் இரண்டு கிழமை ஒவ்வொரு நாளும் மூடியைத் திறந்து மேலே பாருங்கள். பிழையான பொருள் இருந்தால் யார் போட்டது என்று தேடாதீர்கள். தொட்டி இருக்கும் இடம் பிழையா, அறிவித்தல் தெரியவில்லையா என்று பாருங்கள்.

படி 8: சேமிப்பு — மாரியும் கச்சானும்

நம் பக்கத்துக் காலநிலைக்கு ஏற்றபடி இதைச் செய்ய வேண்டும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. அந்த நாட்களில் வைத்தியசாலைப் பின்பக்கத்தில் திறந்தபடி கிடக்கும் போத்தலும் பெட்டியும் தண்ணீர் பிடிக்கும், தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். டெங்கு நோயாளிக்கு சேலைன் ஏற்றிய போத்தலில் இன்னொருவருக்கு டெங்கு வளரக் கூடாது. வெள்ளம் வந்தால் மிதக்கும் எல்லாம் வாய்க்கால் வழியாக வாவிக்குப் போகும். சுமார் 56 கிலோமீற்றர் நீளமான அந்த வாவியில் மீனும் இறாலும் பிடித்துத்தான் இந்தப் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் உலை வைக்கின்றன. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது வாய் கட்டாத சாக்கிலிருந்து உறைகள் மதிலைத் தாண்டிப் பறக்கும்.

ஆகவே கூரையுள்ள, பூட்டக் கூடிய, நிலம் உயர்ந்த ஒரு சின்ன அறை வேண்டும். மருந்துக் களஞ்சியத்துக்குள்ளும் சமையலறைக்கு அருகிலும் வேண்டாம். ஒட்சிசன் சிலிண்டர் வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் காட்போட் அடுக்கவே கூடாது. கதவில் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும். சாவி இருவரிடம் மட்டும். மழைக்காலத்தில் வாகனத்தை கிழமைக்கு இரண்டு தரம் வரச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

மிஞ்சியதை வளவின் மூலையில் வைத்து எரிப்பது ஒருபோதும் கூடாது. 2017 இலிருந்து பிளாஸ்டிக் உட்படக் குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது சட்டப்படி தடை. பி.வி.சி. கலந்த குழாயும் பையும் எரிந்தால் டயொக்சின் என்ற நச்சு வரும், சுவாச நோயாளி படுத்திருக்கும் வார்ட்டின் யன்னலுக்குள்தான் அந்தப் புகை முதலில் நுழையும்.

படி 9: சேலைன் போத்தல்

காட்போட் மூன்று மாதம் பிழையில்லாமல் ஓடிய பிறகுதான் இது. எல்லாரும் முதலில் இதில்தான் கை வைக்க ஆசைப்படுவார்கள், காரணம் போத்தல் கண்ணை உறுத்தும். நாளுக்கு நாள் குவியும். ஆனால் ஒரு முனையில் நோயாளியின் நாளத்தோடு தொடர்பு வைத்திருந்த பொருள் இது என்பதை மறக்க வேண்டாம்.

மெல்பேர்ணில் வெஸ்டர்ன் ஹெல்த் வைத்தியசாலைகளில் பக்ஸ்டர் நிறுவனத்தோடு சேர்ந்து 2009 இல் ஒரு பி.வி.சி. மீள்சுழற்சித் திட்டம் தொடங்கியது. அங்கு வேலை செய்த தீவிர சிகிச்சை வைத்தியர் போர்ப்ஸ் மெக்கெய்ன் அதற்காக நிறைய உழைத்தார். பிறகு அது ஆஸ்திரேலியாவின் பல வைத்தியசாலைகளுக்குப் பரவியது. திரவப் பை, ஒட்சிசன் முகமூடி, ஒட்சிசன் குழாய் என்ற மூன்றே மூன்றை மட்டும் எடுத்தார்கள். அவை தோட்டக் குழாயாகவும் தரை விரிப்பாகவும் மாறின. வாங்கி உருக்குபவரை முதலிலேயே கையில் வைத்துக்கொண்டு, பொருட்களின் எண்ணிக்கையைச் சின்னதாக வைத்திருந்தார்கள். நமக்குத் தேவையான பாடம் அதுதான். பொருள் மட்டும் இங்கே வேறு. நம் வார்ட்டுகளுக்கு வரும் போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் இலக்கத்தைப் பாருங்கள். 4 என்றால் மென்மையான பொலித்தீன், 5 என்றால் பொலிபுரொப்பிலின். 3 என்றால் பி.வி.சி. வாங்குபவரிடம் அந்த இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள், "பிளாஸ்டிக் எடுப்பீங்களா" என்று பொதுவாகக் கேட்டால் பதில் பிழையாக வரும்.

எந்தப் போத்தல் வரலாம்? சாதாரண சேலைன், டெக்ஸ்ட்ரோஸ் போன்ற திரவம் மட்டும் இருந்த, வெளியே இரத்தம் படாத போத்தல். எது வரக் கூடாது? புற்றுநோய் மருந்து கலந்தது, நுண்ணுயிர்க்கொல்லி கலந்தது, தனிமைப்படுத்திய நோயாளிக்குப் போட்டது, இரத்தப் பை, சிறுநீர்ப் பை.

1. சொட்டுக் குழாயைத் தாதிய உத்தியோகத்தரே கட்டிலருகில் கழற்ற வேண்டும். போத்தலைக் குத்தும் முனையும் கூரானது. உங்கள் வைத்தியசாலையின் தொற்றுக் கட்டுப்பாட்டு விதிப்படி அது கூரான பெட்டிக்கோ மஞ்சளுக்கோ போகும். குழாயை ஒருபோதும் மீள்சுழற்சிக்கு எடுக்க வேண்டாம்.
2. மிஞ்சிய திரவத்தைக் கழிவுத் தொட்டியில் ஊற்றுங்கள்.
3. நோயாளியின் பெயரெழுதிய லேபலை உரியுங்கள். உரியாவிட்டால் கறுப்பு மார்க்கரால் முழுவதும் அடியுங்கள்.
4. போத்தல் செம்மஞ்சள் தொட்டிக்குள் போகும்.
5. மாலையில் களஞ்சிய அறையில், தடித்த கையுறையும் மூடிய சப்பாத்தும் போட்ட ஒருவர், ஒவ்வொரு போத்தலின் அடியையும் பெரிய கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டுவார். வெட்டிய போத்தலில் தண்ணீர் நிற்காது, யாரும் அதில் மண்ணெண்ணெயோ எண்ணெயோ ஊற்றி வைக்கவும் மாட்டார்கள்.

வெட்டும் வேலையை வார்ட்டுக்குள் செய்யாதீர்கள். கத்தியால் செய்யாதீர்கள். ஒருவரே நாள்தோறும் செய்யாமல் முறை மாற்றுங்கள்.

கண்ணாடி மருந்துக் குப்பிகளை முதல் ஆண்டில் தொட வேண்டாம். உடைந்தால் கையை வெட்டும், உள்ளே மருந்து மிஞ்சியிருக்கும், பாரத்துக்குச் சாக்கும் கிழியும்.

சாக்கில் ஊசி கண்டால்

இதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு அறைக் கதவில் ஒட்டுங்கள்.

1. நிறுத்துங்கள். கையை விடாதீர்கள், ஊசியைத் தேடாதீர்கள்.
2. அந்தச் சாக்கு முழுவதையும் தொற்றுக் கழிவாக மஞ்சளுக்கு மாற்றுங்கள். பத்துக் கிலோ காட்போட் போனாலும் போகட்டும்.
3. தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிக்கு அன்றே சொல்லுங்கள். கொப்பியில் திகதியோடு எழுதுங்கள்.
4. ஒரே மாதத்தில் இரண்டாவது முறை நடந்தால் திட்டத்தை நிறுத்தி, தொட்டிகளின் இடத்தையும் கூரான பெட்டிகளின் எண்ணிக்கையையும் திரும்பப் பார்த்த பிறகே தொடங்குங்கள். பெரும்பாலும் கூரான பெட்டி நிரம்பி வழிந்ததுதான் காரணமாக இருக்கும்.

யாருக்காவது குத்தியிருந்தால்: ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், குளோரின் ஊற்றாதீர்கள். அந்த மணித்தியாலத்துக்குள் பொறுப்பானவரிடம் போக வேண்டும். தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்படைட்டிஸ் பி நோயாளியின் ஊசியால் தொற்றும் வாய்ப்பு 30 வீதம் வரை இருக்கலாம். எச்.ஐ.வி.க்கு அது சுமார் 0.3 வீதம்தான், ஆனாலும் தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள், முடிந்தால் முதல் சில மணித்தியாலங்களிலேயே தொடங்க வேண்டும். வேலை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று ஒரு சுகாதார உதவியாளரும் தள்ளிப்போடாதபடி அவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஏச்சு விழும் என்ற பயத்தில் பலர் மறைக்கிறார்கள். ஏசுவதில்லை என்று பொறுப்புச் சிஸ்டரே குழுவின் முன் சொன்னால் அந்தப் பயம் குறையும்.

வழியில் வரும் தடைகள்

*ஒரு கிழமையாக வாங்குபவர் வரவில்லை.* இரண்டாவது ஆளின் இலக்கத்தை முதல் நாளே எழுதி வைத்திருக்க வேண்டும். அவரும் வராவிட்டால் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்துங்கள், "தற்காலிகமாக நிறுத்தம்" என்று தொட்டியில் எழுதுங்கள். பிரித்ததை எல்லாம் ஒன்றாகக் கொட்டி யார் கண்ணிலும் காட்டாதீர்கள்.

*பெரிய வைத்தியர் ஒருவர் எதையும் எதற்குள்ளும் போடுகிறார்.* அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியவர் இன்னொரு வைத்தியர். அதற்காகக் குழுவுக்கு வெளியே ஒரு வைத்தியரை நண்பராக வைத்திருக்க வேண்டும்.

*கிலோ திடீரென்று ஏறிவிட்டது.* மகிழ்ச்சியடைவதற்கு முன் சாக்கைப் பாருங்கள். ஈரமாக இருக்கலாம், அல்லது வெளியிலிருந்து குப்பை வந்திருக்கலாம்.

*ஆர்வம் குறைந்துவிட்டது.* மாதக் கணக்கை வார்ட்டுப் பலகையில் மூன்று வரியில் எழுதுங்கள்: அனுப்பிய காட்போட் கிலோ, போத்தல் கிலோ, மஞ்சள் பையின் கிலோ. ஊசி விழாத நாட்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதுங்கள். சுகாதார உதவியாளர்களின் பெயரை மேலே போடுங்கள். உங்கள் வைத்தியசாலையில் ஐந்து எஸ் முறையோ தர முகாமைத்துவப் பிரிவோ இயங்கினால் இந்தக் கணக்கை அங்கே கொடுங்கள், அவர்கள் எப்படியும் இதைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இடமாற்றத்துக்கு முன்

இப்படித் தொடங்கும் திட்டம் ஆண்டு இடமாற்றத்தோடு நின்றுபோவது வழக்கம். தொடங்கிய சிஸ்டர் அம்பாறைக்கோ திருகோணமலைக்கோ போவார், வாங்குபவரின் தொலைபேசி இலக்கமும் அவர் கையோடு போய்விடும். டிசம்பர் வரும் முன் ஒரு கோப்பு செய்து பொறுப்புச் சிஸ்டரின் அலுமாரியில் வையுங்கள். அனுமதிக் கடிதம், கணக்காளரின் பதில், வாங்குபவர் இருவரின் விபரம், பற்றுச்சீட்டுகள், எடைக் கொப்பி, ஊசிச் சம்பவப் பதிவு, எந்த நாள் யார் முறை என்ற அட்டவணை ஆகிய ஏழும் அதில் இருக்கட்டும். அறைச் சாவியில் ஒன்றை, இடமாற்றம் வராத ஒரு சுகாதார உதவியாளரின் பெயரில் எழுத்தில் ஒப்படையுங்கள்.